கத்னாவும் புதிய முஸ்லிம்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

  

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய பெரியவர் ஒருவர் நம் பள்ளிவாசலுக்கு வந்து கலிமா மொழிந்தார். அவர் பல ஆண்டுகளாகவே மார்க்க நூல்களைப் படித்து வந்தவர். பெயர்ப் பதிவுக்காக நிர்வாக அறைக்கு அழைத்துச் சென்றோம். நம் படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, கத்னா செய்யப்பட்டுவிட்டதா என்னும் கேள்வி அச்சிடப்பட்டிருந்தது. பெரியவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். காலில் பட்ட சிறு காயம் ஆறுவதற்கே நான்கு மாதம் ஆனதாகவும், அறுவை என்றால் அச்சமாக இருப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அறையில் இருந்தவர்களுள் ஒருவர், "இதற்கே அஞ்சினால் ஈமானில் என்ன உறுதி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அடுத்து வந்த மூன்று ஜும்ஆக்களில் அந்தப் பெரியவரை நம் பள்ளியில் காண முடியவில்லை.

இதன் பிறகு நிர்வாகக் குழுவின் இரண்டு அமர்வுகளில் இதே பேச்சு. கத்னா ஆகாதவருக்குச் சான்றிதழ் வழங்கலாகாது என்றனர் சிலர். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது என்றனர் வேறு சிலர். விவாதம் ஒருபுறம் இருக்க, நம் முன்னோர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வி எழுந்து, ஒரு மாகாணத்தையே உலுக்கியிருக்கிறது.

கத்னாவின் சிறப்பில் எவருக்கும் ஐயமில்லை. இயற்கை நெறியைச் சார்ந்த ஐந்து காரியங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் அதனை எண்ணியுள்ளார்கள். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம் எண்பதாவது வயதில் அதனை நிறைவேற்றினார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி. நம் வீடுகளில் இது தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகவே இருப்பதில்லை. சிறுவனைக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, மாலையிட்டு, சுற்றத்தாரை அழைத்துச் சுன்னத் கல்யாணம் நடத்துகிறோம். முன்பு ஒஸ்தா வந்தார்; இன்று மருத்துவர் மரத்துப்போகும் ஊசியிட்டுச் செய்கிறார். எவ்வாறாயினும் முடிவு பெற்றோருடையது. சிறுவனுக்கு மிட்டாயும் புதுச் சட்டையும்தான் நினைவில் நிற்கும். வளர்ந்த பின் இஸ்லாத்தை ஏற்பவரின் நிலை வேறு. அவர் தாமே அறிந்து, தாமே அஞ்சி, தாமே துணிய வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரி 99ஆம் ஆண்டில் (கி.பி. 717) உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின், குராசான் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் ஜர்ராஹ் இப்னு அப்துல்லாஹ். மர்வு நகரைத் தலைநகராகக் கொண்ட அம்மாகாணம், இன்றைய ஈரான், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளில் பரந்து கிடந்தது. அங்கிருந்து கலீஃபாவிடம் மூவர் கொண்ட தூதுக்குழு ஒன்று வந்ததை இமாம் தபரீ (ரஹ்) விரிவாக எழுதுகிறார். இருவர் அரபியர், அவர்கள் பேசினர். மூன்றாமவர் அரபியர் அல்லாத புதிய முஸ்லிம்களான மவாலிகளைச் சேர்ந்தவர். ஸாலிஹ் இப்னு தரீஃப், அபுஸ் ஸைதா என்று அழைக்கப்பட்டவர். அவர் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தார். கலீஃபா அவரை நோக்கி, நீரும் இக்குழுவில் ஒருவர்தாமே, ஏன் பேசவில்லை என்று வினவினார். அதன் பின்னரே அவர் பேசினார். மவாலிகளில் 20,000 பேர் ஊதியமும் உணவுப்படியும் இன்றிப் போர்க்களத்தில் நிற்கின்றனர். ஏறக்குறைய அதே அளவினர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் பழைய வரி அவர்களிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதே அவர் முறையீடு. உம்மைப் போன்றவர்தாம் தூது வர வேண்டும் என்று மகிழ்ந்தார் கலீஃபா. உமக்கு முன்னால் கிப்லாவை நோக்கித் தொழுபவர் எவராயினும் அவர்மீதுள்ள ஜிஸ்யாவை நீக்குக என்று ஆளுநருக்கு ஆணை பறந்தது.

ஆணையில் வேறு நிபந்தனை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழுகை ஒன்றே அடையாளம்.

மக்கள் விரைந்து இஸ்லாத்தில் நுழைந்தனர். உடனே ஜர்ராஹைச் சுற்றியிருந்தோர், இவர்கள் வரிக்கு அஞ்சியே வருகின்றனர், கத்னாவைக் கொண்டு இவர்களைச் சோதித்துப் பாரும் என்று ஆலோசனை கூறினர். ஜர்ராஹ் இதனைக் கலீஃபாவுக்கு எழுதினார். கலீஃபாவின் மறுமொழி இரத்தினச் சுருக்கமானது: அல்லாஹ் தன் தூதரை மக்களை அழைப்பதற்காகவே அனுப்பினான், கத்னா செய்து திரிவதற்காக அன்று என்பது அதன் கருத்து. குராசான் மக்களை வாளும் சாட்டையுமே திருத்தும் என்று எழுதிய ஜர்ராஹ், ஹிஜ்ரி 100ஆம் ஆண்டு ரமளானில் பதவி நீங்கினார்.

இம்மறுமொழியைக் கொண்டு, கலீஃபா அவர்கள் கத்னாவை இலேசாகக் கருதினார் என்று எவரேனும் எண்ணினால் அது பெரும் பிழை. சுன்னத்தைப் பேணுவதில் அவருக்கு நிகரான ஆட்சியாளர் அரிது. அவர் மறுத்தது கத்னாவை அன்று. கத்னாவைச் சுங்கச் சாவடி ஆக்குவதையே மறுத்தார். அவர் கண்ணுக்கு அச்சோதனையின் பின்னால் இருந்த கருவூலக் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. எகிப்தில் மதமாற்றத்தால் வருவாய் குறைகிறது என்று முறையிட்ட அதிகாரிக்கும், நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அனுப்பப்பட்டார்கள், வரி தண்டுபவராக அல்ல என்ற கருத்துப்படவே அவர் எழுதினார்.

இக்காலத்தை ஒட்டியே பஸ்ராவில் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் வாழ்ந்தார்கள் (மறைவு ஹிஜ்ரி 110). மாலிக் இப்னுல் முன்திர் என்ற அதிகாரி, கஸ்கர் பகுதியில் இஸ்லாத்தை ஏற்ற முதியவர்கள் சிலரைச் சோதித்துப் பார்த்து, கத்னா ஆகாதவர் என்று கண்டதும் உடனே செய்விக்க உத்தரவிட்டார். அது கடுங்குளிர்க் காலம். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஹஸன் (ரஹ்) அவர்கள் கொதித்துப் போனார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ரோமரும் அபிசீனியரும் இஸ்லாத்தைத் தழுவினர். அவர்களில் எவருடைய ஆடையும் விலக்கிச் சோதிக்கப்படவில்லையே என்று கேட்டார்கள். இதனை இமாம் புகாரீ (ரஹ்) தம் 'அல் அதபுல் முஃப்ரத்' நூலில் பதிந்துள்ளார்கள். கஸ்கரின் அந்த முதியவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம், காலில் ஆறாத காயத்தைக் காட்டிய அந்தப் பெரியவர் முகமே நமக்கு முன்னால் வருகிறது.

மீண்டும் குராசானுக்கு வருவோம். உமர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 101இல் மறைந்தார்கள். ஹிஜ்ரி 110இல் (கி.பி. 728–29) அஷ்ரஸ் இப்னு அப்துல்லாஹ் ஆளுநராக இருந்தார். ஸமர்கந்து மக்களை இஸ்லாத்தின்பால் அழைக்கத் தகுந்தவர் யார் என்று தேடியபோது, கலீஃபாவின் அவையில் பேசிய அதே அபுஸ் ஸைதாவே கிடைத்தார். முஸ்லிம் ஆனவரிடம் ஜிஸ்யா வாங்கலாகாது என்று முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொண்ட பின்னரே அவர் புறப்பட்டார். ஸுக்து மக்கள் திரள் திரளாக வந்தனர், பள்ளிவாசல்கள் எழும்பின. இடர் அங்கேதான் தொடங்கியது. அப்பகுதிகளில் வரி, உடன்படிக்கைப்படி மொத்தத் தொகையாக நிர்ணயிக்கப்பட்டு, உள்ளூர்ப் பெருநிலக்கிழார்கள் வழியாகத் தண்டப்பட்டது. கொடுப்பவர் குறைந்தால் தொகை எங்கிருந்து வரும்? ஸமர்கந்தின் மன்னர் கூரக், வரி முறிந்துவிட்டது என்று ஓலை அனுப்பினார். புகாராவின் நிலக்கிழார்களோ, மக்கள் எல்லாருமே அரபியராகிவிட்டால் யாரிடம் வரி பெறுவீர் என்று ஆளுநரிடம் வந்து நின்றனர்.

அஷ்ரஸ் தம் வாக்கிலிருந்து வழுவினார். எவர் கத்னா செய்துகொண்டு, கடமைகளை நிறைவேற்றி, குர்ஆனில் ஒரு சூராவை ஓதுகிறாரோ அவருக்கு மட்டுமே வரி நீக்கம் என்று உத்தரவிட்டார். உமர் (ரஹ்) அவர்கள் மறுத்த அதே சோதனை, பத்தே ஆண்டுகளில் அரசாணையாகத் திரும்பி வந்தது. இதோடும் நிற்கவில்லை. மக்கள் உண்மையாகவே முஸ்லிம்களாகிப் பள்ளிவாசல்களும் கட்டிவிட்டனர் என்று அதிகாரி எழுதிய பின்னும், முன்பு எவரிடம் வரி வாங்கினீரோ அவரிடமெல்லாம் வாங்குக என்று ஆணை வந்தது. ஆக, சோதனையில் தேறியவருக்கும் விடுதலை இல்லை! 7,000 பேர் ஸமர்கந்தை விட்டு வெளியேறிப் பாளையமிட்டனர். அபுஸ் ஸைதா அவர்கள் பக்கம் போய் நின்றார். தந்திரமாக அழைத்துச் சிறையிடப்பட்டார். ஸுக்து மக்கள் இஸ்லாத்தை விட்டகன்று துருக்கியரைத் துணைக்கு அழைத்தனர். தொடர்ந்து வந்த போர்களில் சிந்திய குருதிக்கு அளவில்லை.

ஹிஜ்ரி 121இல் ஆளுநர் நஸ்ர் இப்னு ஸய்யார் கணக்கெடுத்தபோது 30,000 முஸ்லிம்கள் ஜிஸ்யா செலுத்திக்கொண்டிருந்தனர். 80,000 முஸ்லிம் அல்லாதார் அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். அவர் நேர் செய்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த எட்டாண்டுகளில் அதே குராசானிலிருந்துதான் உமய்யா ஆட்சியைக் கவிழ்த்த கிளர்ச்சி புறப்பட்டது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். இது அப்பாஸியரின் ஸாமர்ரா நகரில், கலீஃபா முஃதஸிம் காலத்தில் நடந்தது. உஸ்ரூஷனா நாட்டு இளவரசரான அஃப்ஷீன், பாபக்கின் நீண்ட கலகத்தை ஒடுக்கியவர், கி.பி. 838இல் அம்மூரியா போரில் பங்கு கொண்ட தளபதி. பின்னர் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டார். நீதிபதி இப்னு அபீ துவாத். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களைக் கசையடிக்கு உள்ளாக்கிய விசாரணையில் முன்னின்ற அதே மனிதர். குற்றச்சாட்டுகள் பல, அவற்றில் சில கடுமையானவை. இறுதியில், நீர் கத்னா செய்துகொண்டவரா என்று நீதிபதி வினவினார். இல்லை என்றார் அஃப்ஷீன்; அறுத்தால் உயிர் போய்விடுமோ என்று அஞ்சியதாகக் கூறினார். ஈட்டிக்கும் வாளுக்கும் அஞ்சாத நீர் இதற்கா அஞ்சினீர் என்று ஏளனம் எழுந்தது. போர் என்பது தவிர்க்க இயலாமல் வந்து சேர்வது. இதுவோ நானே என்மீது வருவித்துக்கொள்வது. மேலும், இதனை விட்டால் இஸ்லாத்தை விட்டு நீங்கியதாகும் என்று நான் அறிந்திருக்கவில்லை என்ற பொருள்பட அவர் விடையளித்தார். அம்மனிதரின் மற்றச் செயல்களுக்கு நாம் வழக்காடவில்லை. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில், நீதிபதியை விடக் குற்றவாளியே சரியான ஃபிக்ஹ் பேசினார் என்றே தோன்றுகிறது.

சிறையில் தம்மைச் சந்தித்த ஒருவரிடம் அஃப்ஷீன் வேறொன்று கூறியதாகவும் தபரீ எழுதுகிறார். உண்மையில் தமக்குக் கத்னா ஆகியிருந்தது. ஆம் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேர் நடுவே ஆடையை விலக்கிக் காட்டச் சொல்லியிருப்பார்கள். அந்த மானக்கேட்டை விட மரணம் மேல் என்றாராம். எது மெய்யோ அல்லாஹ் அறிவான். கி.பி. 841இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

நம் இமாம்களின் நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளில் ஆண்களுக்குக் கத்னா கடமை. ஹனஃபீ, மாலிகீ மத்ஹபுகளில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். கடமை என்போரும், உடல்நலிவால் ஆபத்து அஞ்சப்படுமாயின் அச்சம் நீங்கும் வரை தள்ளிவைக்கலாம் என்றனர். தாங்க இயலாத முதியவர் இஸ்லாத்தை ஏற்றால், அறிந்தோர் அவ்வாறு கூறுமிடத்து விட்டுவிடலாம் என்று ஹனஃபீ ஃபத்வா நூல்கள் கூறுகின்றன. இஸ்லாம் செல்லுபடியாவதற்கு அதனை நிபந்தனையாக இவர்களுள் எவரும் வைக்கவில்லை.

இவற்றையெல்லாம் நம் இமாம் அவர்கள் மூன்றாவது அமர்வில் எடுத்துரைத்தார்கள். அதன் பின்னர் நிர்வாகத்தார் இருவர் அந்தப் பெரியவரின் இல்லம் சென்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து அழைத்து வந்தனர். கத்னா குறித்து அவர் இமாம் அவர்களிடமும் தம் மருத்துவரிடமும் தனித்தனியே ஆலோசித்தார் என்று அறிகிறோம். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது ஜமாஅத்தின் பதிவேட்டில் இல்லை. பழைய படிவங்களில் எஞ்சியிருந்தவை கழிக்கப்பட்டு, அந்தக் கேள்வி இல்லாத புதிய படிவம் அச்சிடப்பட்டுள்ளது. அச்சுச் செலவு இவ்வறிக்கையின் வரவு செலவுப் பகுதியில், எழுதுபொருள் இனத்தில் காட்டப்பட்டிருக்கிறது.