ஆட்டிசம் உள்ள மாணவர்களின் ஆறாம் வகுப்பு மாறுதல்

ஆட்டிசம் உள்ள மாணவர் தொடக்கக் கல்வியை முடித்து, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய நடுநிலை வகுப்பில் கால்வைக்கும் கட்டத்தையும், அதற்கான ஏற்பாடுகளையும் இது குறிக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புவரை உள்ள நடுநிலைப் பள்ளியிலேயே தொடர்பவருக்குக் கட்டடம் மாறாது. ஆனால் ஓரிரு ஆசிரியர்களோடு கழிந்த நாள், பாடத்துக்கு ஓர் ஆசிரியராக மாறிவிடும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. நடைமுறையில், சேர்க்கை கிடைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

பாடம் கடினமாவது அந்தச் சிக்கலின் ஒரு பகுதி மட்டுமே. மணி அடித்ததும் எழும் கூச்சல், காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, சத்துணவு வரிசையின் நெரிசல், கழிவறை நாற்றம் ஆகியவை புலன் உணர்வு கூர்மையான பிள்ளையைப் பாடம் தொடங்கும் முன்பே களைப்படையச் செய்துவிடும். யாரும் எதுவும் சொல்லித்தராத இடைவேளை, பலருக்குக் கணக்குப் பாடவேளையைவிடக் கடினம். பருவமடையும் வயதும் இதே காலத்தில் வருகிறது. மாதவிடாயை எதிர்கொள்ளச் சிறுமிகளைப் படங்களின் துணையோடு முன்கூட்டியே பழக்க வேண்டும்.

மாறுதலின் மையம் தகவல் கைமாறுவது. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக மச்சத்தைக் குறிக்க இடம் உண்டு. எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும் என்று எழுத இடமில்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த இத்தகைய செய்திகளை ஒரே பக்கத்தில் எழுதி, ஆறாம் வகுப்பின் எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் கொடுப்பது செலவில்லாத, பலன் மிகுந்த வழி. எதில் ஆர்வம், எப்படிக் கேட்டால் பதில் வரும், பதற்றத்தின் முதல் அறிகுறி எது, அப்போது எது அமைதிப்படுத்தும் என்பவை அதில் இருந்தால் போதும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் இரு பள்ளிகளையும் அறிந்தவர் என்றால், இதற்கு அவரே பொருத்தமானவர்.

கோடை விடுமுறையில், ஆளில்லாத பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துப்போய் வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிவறை ஆகியவற்றைக் காட்டிப் படம் எடுத்துவந்து வீட்டில் பார்ப்பதும் வழக்கம். அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த ‘சமூகக் கதை’ முறை இங்கே உதவும். நடக்கப்போவதை, பிள்ளையே சொல்வதுபோலச் சிறு சிறு வாக்கியங்களில் எழுதி, மீண்டும் மீண்டும் படிக்கச் செய்வது அது. வட கரோலினாவில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக எரிக் ஷாப்ளர் உருவாக்கிய டீச் திட்டம், அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் படக் கால அட்டவணையைப் பரவலாக்கியது. மேசையில் ஒட்டிய ஓர் அட்டை போதும். ஆசிரியர் விடுப்பில் இருந்தால் அதையும் அதில் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

தனியார் பள்ளிகள் சில, வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ‘ஷேடோ டீச்சர்’ ஒருவரைப் பெற்றோர் செலவில் வைக்கச் சொல்கின்றன. தொடக்கத்தில் உதவினாலும் இதில் ஒரு கெடுதல் உண்டு: வகுப்பாசிரியர் பிள்ளையிடம் பேசுவதை விட்டு அவரிடமே பேசத் தொடங்கிவிடுவார், சக மாணவர்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். மெல்ல மெல்ல அவர் பின்வாங்கும்படி முதலிலேயே திட்டமிடுவது நல்லது.

சக மாணவர்களிடம் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் குறிப்பிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி விளக்க, பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் விருப்பமும் தேவை. கேலியும் சீண்டலும் பெரும்பாலும் ஆசிரியர் கண்ணில் படாத இடங்களில் நடப்பதால், இடைவேளையில் போய்ச் சொல்ல ஒரு பெரியவரை, முகமும் இடமும் தெரியும்படி, பிள்ளைக்கு முன்பே அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் தளர்வு வேண்டும். பொதுத்தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’, கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் திடீரென்று ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால் பல பிள்ளைகள் சொல்லத் திணறுகிறார்கள். ஆறாம் வகுப்பின் பருவத்தேர்விலேயே இதைப் பழக்கத் தொடங்கலாம்.