பூட்டு யாரு கையில?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் ஏழாவது படிக்கிறான். அவனுக்குன்னு தனி போன் கிடையாது, அக்காவோட போன்தான். "குழந்தைங்களுக்கு ஏதோ லாக் இருக்காமே, போட்டாச்சுடா"ன்னு அக்கா பெருமையா சொன்னா. "அதெல்லாம் உனக்கு எப்படிக்கா தெரியும்?"னு கேட்டேன். "எனக்கெங்க தெரியும்? எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. இவனையே போடச் சொன்னேன்." பின் நம்பரும் அவன் வச்சதுதான். அவ்வ்வ்வ்!

அப்போ சிரிச்சுட்டேன். ராத்திரி படுத்து யோசிச்சா சிரிப்பு வரலை. இது அக்கா வீட்டுல ஆரம்பிச்ச கதை இல்லை மக்களே. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1989 டிசம்பர் 6. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். நாடே ஆடிப்போனது. டிவியில் காட்டும் வன்முறை பற்றிய பேச்சும் சூடுபிடித்தது. அந்தச் சம்பவம் உலுக்கிய பலரில் ஒருவர் பொறியாளர் டிம் காலிங்ஸ். அவர் உருவாக்கியதுதான் வி-சிப். விஷயம் சிம்பிள். நிகழ்ச்சியோடு அதன் தரக்குறியீடும் சிக்னலில் வரும். பெற்றோர் வைத்த அளவைத் தாண்டினால் டிவி படத்தை மறைத்துவிடும்.

அமெரிக்காவில் 1996 பிப்ரவரியில் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 2000 ஜனவரி 1 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா புது டிவியிலும் வி-சிப் இருக்கணும்.

கம்ப்யூட்டர் பக்கம் சர்ஃப்வாட்ச் மாதிரி வடிகட்டிகள் வந்தன. கெட்ட வார்த்தை இருந்தால் தடு என்பது கணக்கு. 1996-ல் அது வெள்ளை மாளிகையின் பக்கம் ஒன்றையே தடுத்தது. முகவரியில் 'தம்பதிகள்' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்ததுதான் குற்றம் :)

சரி, சட்டம் போட்டுக் கொடுத்த வி-சிப்பை எத்தனை பேர் பயன்படுத்தினாங்க? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் மையம் 110 குடும்பங்களுக்கு வி-சிப் டிவி கொடுத்து ஒரு வருஷம் கவனித்தது. கடைசியில் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெனுவுக்குள் மெனுவாக எங்கேயோ ஒளிந்திருந்த சமாசாரம், தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. 2004-ல் கைசர் அறக்கட்டளை எடுத்த கணக்கிலும் வி-சிப்பைப் பயன்படுத்திய பெற்றோர் 15 சதவீதம்தான். புது டிவி வாங்கிய பலருக்கு உள்ளே அப்படி ஒண்ணு இருப்பதே தெரியாது.

செல்போனிலும் இதே கதை. 2008-ல் ஐபோனில் கட்டுப்பாடுகள் வந்தன. நாலு இலக்க எண், அதுவும் பிள்ளை கையில் இருக்கும் அதே கருவியில். 2017-ல் கூகுளின் ஃபேமிலி லிங்க் பூட்டை அம்மா, அப்பா போனுக்கு மாற்றியது. எந்த ஆப், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அங்கிருந்தே சொல்லலாம். 2018-ல் ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் வந்தது. பசங்க விடுவாங்களா? போனின் கடிகாரத்தையே மாத்தி வச்சு டிமிக்கி கொடுத்தாங்க.

ஆனா இந்தப் புது ஏற்பாடு ஒண்ணை எடுத்துக்கொண்டே ஆரம்பிக்குது: அம்மாவுக்கு ஒரு போன், பிள்ளைக்கு ஒரு போன். அக்கா வீட்டில் இருக்கிறதே ஒண்ணுதான். பகல்ல அவ கையில, சாயங்காலம் அவன் கையில. டிவி மெனுவில் தொலைந்த அந்த அமெரிக்க அம்மாவும் எங்க அக்காவும் ஒரே இடத்துலதான் நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பிள்ளை மேல அக்கறை குறைச்சல் இல்லை. கருவி செஞ்சவங்க இவங்களை மனசுல வச்சு செய்யலை, அவ்வளவுதான்.

மறுநாள் மூணு பேரும் சேர்ந்து உக்காந்தோம். போன் மொழியைத் தமிழுக்கு மாத்தினேன். அக்கா ஒவ்வொண்ணா படிச்சு, தானே நேரம் வச்சா, தானே புது நம்பர் போட்டா. அரை மணி நேரம் ஆச்சு. பையன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, "மாமா, அப்போ அம்மா சீரியல் பாக்குறதுக்கும் நேரம் வைப்பீங்களா?"ன்னான். நியாயமான கேள்வி, பதில் வரலை எனக்கு.

உங்க வீட்டுல பின் நம்பர் யாரு கையில?