மரிமோ: ஏரியிலிருந்து மீன்தொட்டிக்கு வந்த பாசி உருண்டை

வீட்டு மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் பூவாத் தாவரங்களுள், 'மாஸ் பால்' என்று விற்கப்படும் பச்சை உருண்டையும் ஒன்று. பெயரில் மாஸ் இருந்தாலும் இது ஜாவா மாஸ் போன்ற பிரையோபைட்டு அன்று, பச்சை ஆல்கா. தமிழில் இரண்டையுமே பாசி என்று சொல்லிவிடுவதால் மாணவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு.

சுவீடனில் கிடைத்த இதனை லின்னேயஸ் 1753இலேயே பதிவு செய்திருந்தார். ஆனால் இது புகழ்பெற்றது ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அகான் ஏரியால்தான். தாவரவியலாளர் கவகாமி 1897இல் அங்கே இதைக் கண்டு, மறு ஆண்டு 'மரிமோ' எனப் பெயரிட்டார். 'மரி' என்றால் பந்து. ஏரியின் ஆழமற்ற பகுதியில் அலைகள் உருட்டிக்கொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் ஒளி பட்டு உருண்டை வடிவம் நிலைக்கிறது. தொட்டியில் அலை ஏது? வளர்ப்பவர்தான் அவ்வப்போது கையால் திருப்பிவிட வேண்டும்.

1921இல் மரிமோ இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனினும் திருட்டு நிற்கவில்லை. நீர்மின் உற்பத்திக்காக ஏரிநீர் எடுக்கப்பட்டபோது மட்டம் தாழ்ந்து, பல உருண்டைகள் கரையில் காய்ந்து மடிந்தன. எடுத்துச் சென்றவர்கள் திருப்பித் தர வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. அவ்வாறு திரும்பி வந்தவற்றை ஏரியில் விடும் விழா 1950இல் தொடங்கியது. அய்னு மக்கள் சடங்கு நடத்துவதால் இதைப் பழங்கால விழா என்று சிலர் எழுதுவது சரியன்று. 1952இல் மரிமோவுக்குச் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னத் தகுதி கிடைத்தது.

2021இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற பாசி உருண்டைகளுக்குள், நீர்நிலைகளைப் பாழாக்கும் வரிக்குதிரைச் சிப்பிகள் காணப்பட்டன. அந்த உருண்டைகளைக் கொதிக்கவைத்தோ உறையவைத்தோ அழித்த பின்னரே குப்பையில் போடுமாறு அரசு அறிவுறுத்தியது.