ஆருடைய அடி பலமான அடி?

குத்துச்சண்டையைப் பற்றிக் கதை வந்தால் எங்கட ஆக்களுக்குள்ளும் ஒரு கேள்வி தப்பாமல் வரும். அதிபாரப் பிரிவில் எல்லாக் காலத்துக்கும் பலமாக அடித்தவர் ஆர்? வயது போனவர்கள் போர்மன் என்பார்கள். பொடியள் ரைசன், வைல்டர் எண்டு நிற்பார்கள். வேறு வேறு காலத்தவர்களை ஒரே தராசில் வைக்க ஏலுமோ என்று கொஞ்சம் பார்ப்போம்.

1919 யூலை 4 அன்று அமெரிக்காவின் ரொலீடோ நகரில் ஜக் டெம்சி, ஜெஸ் வில்லாட்டை முதல் சுற்றிலேயே ஏழு தரம் விழுத்தினார். டெம்சியின் நிறை 187 இறாத்தல், வில்லாட்டின் நிறை 245. ஆனால் விழுந்தவர் எழும்பும் மட்டும் அடித்தவர் தள்ளிப்போய் நிற்கும் வழக்கம் அப்ப இல்லை. டெம்சி பக்கத்திலேயே நின்று, அவர் எழும்ப எழும்ப அடித்தார். ஆகவே அந்த ஏழையும் இண்டைய கணக்கில் அப்படியே எடுக்க ஏலாது.

ரொக்கி மார்சியானோ 49 சண்டையும் வென்றவர். அதில் 43 நொக் அவுட். 1952 இல் வோல்கொட்டை 13ஆம் சுற்றில் ஒரே அடியில் சாய்த்தபோது அவருடைய நிறை 184 இறாத்தல்தான். இண்டைக்கெண்டால் அவர் அதிபாரப் பிரிவுக்கே வராமல், 200 இறாத்தலுக்கு உட்பட்ட பிரிவில் நின்றிருப்பார். அதேநேரம் அவரிடம் விழுந்தவர்களும் இப்போதையவர்களைப்போல 250 இறாத்தல் ஆக்கள் இல்லை.

அடியை அளக்கவும் பார்த்திருக்கிறார்கள். 1985 இல் இங்கிலாந்தில் பிராங் புரூனோவின் அடியைக் கருவியில் அளந்தபோது, 6 கிலோ மரச் சுத்தியலுக்குப் பஞ்சு சுற்றி மணிக்கு 20 மைல் வேகத்தில் அடிப்பதற்குச் சமன் என்று கண்டார்கள். அதே புரூனோ 1989 இல் முதற் சுற்றில் ரைசனைத் தள்ளாட வைத்தார். ஆனால் ஐந்தாம் சுற்றில் தோற்றார். கருவி அசையாமல் நிற்கும், மனிசன் நிற்கமாட்டான். வாறது தெரிந்த அடியைத் தாங்கலாம், தெரியாத அடிதான் விழுத்தும்.

என்னைக் கேட்டால் ஜோர்ஜ் போர்மன் என்பேன். காரணம் எண்ணிக்கை அல்ல. 1973 இல் யமேக்காவின் கிங்ஸ்ரனில், அதுவரை தோல்வியே காணாத ஜோ பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு தரம் விழுத்தினார். பிறகு 1994 நவம்பரில், 45 வயதில், தன்னைவிட 19 வயது இளைய மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றில் சாய்த்துத் திரும்பவும் சம்பியனானார். கால் தளர்ந்துவிட்டது, வேகம் போய்விட்டது, அடி மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு தலைமுறைக்கு எதிராக ஒரே கை நிரூபித்தது இது. காலங்களை ஒப்பிட இதைவிட நேரான சாட்சி கிடையாது.

ஆனால் அதே போர்மன் 1974 இல் கின்சாசாவில் அலியிடம் எட்டாம் சுற்றில் விழுந்தார். அலி கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கி வாங்கி அவரைக் களைக்க வைத்தார். அதைப் புத்தி என்று புகழுகிறோம். அந்த அடிகளும் அடிகள்தான். அலிக்கு 1984 இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டார்கள், 2016 இல் காலமானார். நோய்க்கு அடிதான் காரணமோ என்பதில் வைத்தியர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. ஆனால் அலியோடும் பிரேசியரோடும் இரண்டிரண்டு தரம் மோதிய ஜெரி குவாரியின் விஷயத்தில் சந்தேகமே இல்லை. தலையில் விழுந்த அடிகளால் மூளை பழுதாகி, 1999 இல் 53 வயதில் செத்தார்.

ஆருடைய அடி பெரிது என்று நாங்கள் தேநீரோடு வாதாடலாம். அந்தக் கணக்கு முழுதும் எழுதப்பட்டது அடி வாங்கினவர்களின் தலையில்தான்.