ஹிட் பாட்டு எப்போ கிளாசிக் ஆகுது?

போன வருஷம் ரீல்ஸ்ல நீங்க விடாம லூப்ல கேட்ட பாட்டு எது? சட்டுனு ஞாபகம் வரலையா? கோடிக்கணக்கில் வியூஸ் போயிருக்கும். ஆனா வியூஸ் வேற, ஆயுள் வேற.

‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு’ பாட்டையே எடுத்துக்கோங்க. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதிய படம். இரண்டுக்கும் இசை இளையராஜாதான். ‘தளபதி’ அளவுக்கு ‘குணா’ ஓடவில்லை. பாட்டு இன்னும் ஓடுகிறது.

முதல் காரணம், அதன் அமைப்பு. மனசில் இருப்பதை அவன் பேச்சாகச் சொல்ல, அவள் அதையே பாட்டாக்குகிறாள். கமல் பேசும் இடத்தில், சுருதி வராதவர்களும் தைரியமாகப் புகுந்துவிடலாம்.

அடுத்தது, இடம் மாறினாலும் தாங்கும் வலு. 2024-ல் வந்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட உண்மைக் கதை. காதலிக்கான பாட்டு அங்கே நண்பனுக்காக ஒலித்தது. வரிகள் அதேதான். தியேட்டரில் கண்கலங்கிய பலர் 1991-ல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985-ல் பிரிட்டிஷ் சார்ட்டில் 3-ம் இடம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ஒலித்த பிறகு, 2022-ல் முதலிடம்!

உங்க பிளேலிஸ்ட்ல எது நிலைக்கும்னு தெரியணுமா? பீட், ஸ்டெப், ஹீரோ முகம் எல்லாத்தையும் விட்டுட்டு, வெறும் குரலில் பாடிப் பாருங்க. உங்க வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒண்ணு ஞாபகம் வந்தா, அந்தப் பாட்டை டெலீட் பண்ணிடாதீங்க!