நடுவராகப் பிறந்த கதைசொல்லி: மேசைக் கதையாட்ட நடத்துநரின் வரலாறும் மும்பைத் தமிழரும்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ தம் பாத்திரமாக ஏற்று, அப்பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்று வாயால் சொல்லியே ஒரு கதையை நகர்த்திச் செல்லும் ஆட்டத்தை ‘ரோல்-பிளேயிங் கேம்’ என்கிறார்கள். இக்கட்டுரை அதைக் கதையாட்டம் என்று குறிப்பிடும். அவர்களுள் ஒருவர் மட்டும் எந்த வீரனாகவும் ஆடாமல், அந்தக் கற்பனை உலகத்தையும் அதில் வாழும் பிற உயிர்கள் அனைத்தையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சியும் பலித்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கிறார். இவரே ‘கேம் மாஸ்டர்’, அதாவது ஆட்ட நடத்துநர். ஒரே கதை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தொடர்ந்தால் அது ‘காம்பெயின்’ எனப்படும் தொடராட்டமாகிறது. மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ முதன்முறையாக அந்த இருக்கையில் அமரத் துணியும் ஓர் இளைஞர், தடித்த விதிநூல்களைக் கண்டு மலைப்பது இயல்பு. ஆனால் எழுதிய விதிகள் போதாமல் போன இடத்தில், நம்பத்தக்க ஒரு மனிதரின் தீர்ப்பு வேண்டியிருந்ததாலேயே இந்தப் பொறுப்பு பிறந்தது என்பதை அதன் இருநூறு ஆண்டு வரலாறு காட்டுகிறது.

அவ்வரலாற்றின் வேர் இந்தியாவில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம், பாரசீகத்தின் வழியாகவும் அரபு நாடுகளின் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்து இன்றைய செஸ் ஆட்டமாயிற்று. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆசிரியராக இருந்த ஹெல்விக், அந்தச் சதுரங்கத்தை விரித்து, 1,617 கட்டங்கள் கொண்ட பலகையில் மலையும் ஆறும் ஊரும் அமைத்துப் போர்க்கலை கற்பிக்கும் ஆட்டமொன்றை உருவாக்கினார். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் 1812இல் தம் அரசருக்கு இன்னும் நுட்பமான ஒரு போர் மேசையைக் காட்டினார்; பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் கட்டங்களைக் கைவிட்டு, உண்மையான நிலப்படத்தின் மீதே ஆடும் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார்.

மகனுடைய ஆட்டத்தில்தான் நடுவர் முதன்மை இடத்தைப் பெற்றார். இரு தரப்பினரும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவார்கள். அவர் பகடை உருட்டி, சேத அட்டவணைகளைப் பார்த்து, படைகளை நகர்த்தி, ஒவ்வொரு தரப்பின் கண்ணுக்கும் எட்டக்கூடியதை மட்டும் அத்தரப்புக்குச் சொல்வார். மறைந்திருப்பதை மறைத்தும், தெரிய வேண்டியதைத் தெரிவித்தும், இரு தரப்புக்கும் பொதுவாக நின்றும் செய்யும் இந்தப் பணியே இன்றைய நடத்துநருக்கும் அடிப்படையாக இருக்கிறது. பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவர் மூஃப்லிங் இந்த ஆட்டத்தைப் பாராட்டிப் படைகளுக்குப் பரிந்துரைத்தார். 1870–71 போரில் பிரஷ்யத் தரப்பிடம் பிரான்ஸ் தோற்றபின் பிற நாட்டுப் படைகளும் இதன்பால் திரும்பின. 1872இல் பிரிட்டிஷ் படைக்காக இதன் விதிகளைத் தொகுத்த கேப்டன் எவலின் பேரிங், அதே ஆண்டில் வைஸ்ராய் நார்த்புரூக்கின் தனிச் செயலராக இந்தியாவுக்கு வந்தவர்.

நாளடைவில் அட்டவணைகள் பெருகிப் பெருகி, ஆட்டம் அவற்றின் சுமையால் தள்ளாடியது. 1876இல் பிரஷ்ய அதிகாரி வெர்டி டு வெர்னோய், பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பி ஆடலாம் என்று வாதிட்டார். விதியின் துல்லியமா, நடுவரின் விவேகமா என்று அன்று எழுந்த கேள்விக்கு இன்றுவரை ஒவ்வொரு நடத்துநரும் தம் அளவில் ஒரு விடை கண்டாக வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் படை அதிகாரி டாட்டன் 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்னும் போர் ஆட்ட நூல், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், மினசோட்டா மாநிலத்து இளைஞர் டேவிட் வெஸ்லியின் கவனத்தை ஈர்த்தது. ஆடுபவர் எதையும் முயன்று பார்க்கலாம், அது பலிக்குமா என்று நடுவர் முடிவுசெய்வார் என்ற கருத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1969இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஜெர்மானிய நகரத்தைக் களமாக்கி, படைத்தலைவர் பதவிகளோடு நகரத் தலைவர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற தனிமனிதப் பாத்திரங்களையும் நண்பர்களுக்கு அளித்தார். வந்தவர்களோ முறைப்படி காய் நகர்த்தாமல், மூலைக்கு மூலை நின்று சதி பேசினார்கள். இருவர் வாட்போருக்கே அறைகூவல் விடுத்துக்கொண்டு அவரிடம் வந்து நிற்க, விதிநூலில் இல்லாத அந்தச் சண்டைக்கு அவர் அங்கேயே ஒரு விதி வகுக்க நேர்ந்தது. ஆட்டம் கைமீறிக் கெட்டுவிட்டதென்றே வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள். தொடக்க நடத்துநர் யாராயினும் மனத்தில் இருத்த வேண்டிய நிகழ்ச்சி இது: நடத்துபவர் குழப்பம் என்று கருதிய அதே இடத்தில்தான் ஆடுபவர்கள் தங்கள் சுதந்திரத்தைக் கண்டடைந்தார்கள்.

அந்த நண்பர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன், 1971இல் ‘பிளாக்மூர்’ என்ற மாயக் கோட்டையையும் அதன் அடியில் சுரங்க அறைகளையும் படைத்தார். ஒரு நாள் ஆட்டத்தில் தப்பிப் பிழைத்த வீரன் அடுத்த நாள் கூடுதல் வலிமையோடு திரும்பி வரலாம் என்று அவர் வழிசெய்ததால், தனித்தனி ஆட்டங்கள் ஒரே நெடுங்கதையாகப் பிணைந்தன. இன்றைய தொடராட்டத்தின் முன்மாதிரி இதுவே. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் இதை ஆடிப் பார்த்து வியந்து, ஆர்னெசனோடு சேர்ந்து விதிகளை உருவாக்க, 1974 ஜனவரியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகள். விலை 10 டாலர்.

அந்நூல்கள் போர் ஆட்டப் பழக்கம் உள்ளவர்களுக்காகவே எழுதப்பட்டவை. ஆதலால், புதியவர் ஒருவர் நடத்துநராவது எப்படி என்பதை அவை கற்பிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, நரம்பியல் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் 1977இல் எளிய தொடக்கப் பதிப்பொன்றைத் தொகுத்தார். அடுத்து அப்பதிப்பின் பெட்டியில் சேர்ந்த மைக் காரின் ‘இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்’ என்னும் ஆட்டக்கதை, சுரங்கத்தின் வரைபடத்தையும் அறைகளின் விவரத்தையும் தந்துவிட்டு, எந்த அறையில் எந்த அரக்கனை வைப்பது, எங்கே புதையலை ஒளிப்பது என்பதைப் புதிய நடத்துநரின் முடிவுக்கு விட்டது. பயிற்சியையே ஆட்டமாக ஆக்கிய அருமையான முறை இது. கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்’ இன்னொரு வழியைக் காட்டியது: பாதுகாப்பான ஒரு கோட்டை, அதற்கு அருகே ஆபத்து நிறைந்த குகைகள், இரண்டுக்கும் இடையே மெய்யும் பொய்யுமாக உலவும் சில வதந்திகள். முழு உலகத்தையும் படைத்து முடித்த பிறகே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பதில்லை, நடந்து சென்று திரும்பும் தொலைவுக்குள் ஒரு தொடராட்டம் முளைத்துவிடும் என்பதை இது நிறுவியது. 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டிப் பதிப்பு, முதலில் வாசகரைத் தனியாக ஆடவைத்துப் பழக்கி, அதன் பிறகே நடத்துநர் நூலை அவர் கையில் கொடுத்தது.

மும்பைத் தமிழருக்கு, வாயால் கதை நடத்தும் இந்த மரபு முற்றிலும் அயலானது அன்று. 1896இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர்கள், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் 1952இல் சண்முகானந்த சபையையும் நிறுவினார்கள். செம்பூரிலும் சபைகளும் கோயில்களும் எழுந்தன. இக்குடும்பங்கள் போற்றிய கலைகளுள் ஒன்றான கதாகாலட்சேபம், மராத்தியக் கீர்த்தன மரபிலிருந்து ஊட்டம் பெற்றுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் கையில் செழித்தது. மராத்தியர் வழியாகத் தஞ்சைக்கு வந்த கலை, தமிழர் குடியேற்றத்தோடு மராத்திய மண்ணுக்கே திரும்பி வந்தது. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினரின் சொந்த மண்ணான திருநெல்வேலிச் சீமையிலோ வில்லுப்பாட்டு வாழ்கிறது. அதில் தலைமைப் பாடகர் கதையை நடத்த, உடன் அமர்ந்தவர் ‘ஆமாம்’ போட்டும் குறுக்குக் கேள்வி கேட்டும் கேட்போரின் சார்பில் பேசுகிறார். அவையின் முகக்குறிப்பை அறிந்து கிளைக்கதையை நீட்டுவதும் சுருக்குவதும், ஒரே குரலில் அரசனாகவும் பணிப்பெண்ணாகவும் மாறுவதும் கதையாட்ட நடத்துநருக்கும் தேவையான திறன்களே. வேறுபாடு ஒன்றுதான்: பாகவதரின் கதைமுடிவு முன்பே வகுக்கப்பட்டது, நடத்துநரின் கதைமுடிவோ ஆடுபவர்களின் கையில் இருக்கிறது. அதை முன்கூட்டியே முடித்துவைத்து அவர்களை அதை நோக்கித் தள்ளுவதே தொடக்க நடத்துநர் செய்யக்கூடிய பெரும்பிழை.

கதைப்பொருளையும் கடல் கடந்து தேட வேண்டியதில்லை. அமெரிக்க ஆட்டத்திலேயே 1975 முதல் ராட்சசன் இடம்பெற்றுள்ளான். ஆனால் அவன் புலித்தலை கொண்ட ஓர் அயலானாகவே அங்கு வரையப்பட்டான். 2022இல் வெளிவந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மொண்டால் வங்க மண்ணின் சாயலில் ஒரு நாட்டைப் படைத்துக் காட்டினார். அதுபோன்ற முயற்சிக்கு மும்பையில் களம் உண்டு. மித்தி ஆற்றின் ஓரத்தில் தாராவியின் நெருக்கத்துக்குள் நிற்கும் காலா கில்லா என்னும் சிறு கோட்டை 1737ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கியிருக்கிறது. அதற்கு அண்மையில் சயான் குன்றின் மேல் இன்னொரு பழைய கோட்டை உள்ளது. கோட்டையும் குகையும் வதந்தியும் போதும் என்று 1979 வாக்கில் கைகாக்ஸ் காட்டிய வழிக்கு இவற்றைவிடப் பொருத்தமான தொடக்கம் அரிது. பொருட்செலவும் தடையன்று: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுவிட்டன; காகிதமும் பென்சிலும் சில பகடைகளும் இருந்தால் பத்தடி அறையிலும் ஆட்டம் நடக்கும்.

நடத்துநரிடம் தேவைப்படுவது முழுமையான விதியறிவு அன்று. நடுநிலையும், செவிகொடுக்கும் பொறுமையும், தாம் அளித்த தீர்ப்பை அடுத்த வாரமும் மதிக்கும் நேர்மையும்தான். விதி தெரியாத இடத்தில் தயங்காமல் ஒரு நியாயமான முடிவைச் சொல்லி, ஆட்டம் முடிந்த பின் நூலைப் பார்த்துக்கொள்வது 1969இல் வெஸ்லி செய்ததற்குக் குறைந்ததாகாது. கதை கேட்டு வளர்ந்த மும்பைத் தமிழ் இளைஞர்கள் அந்த இருக்கையில் அமர்ந்து, தங்கள் ஊரையே களமாக்கி, தங்கள் தமிழிலேயே முதல் ஆட்டத்தை நடத்த முன்வர வேண்டும்.