பாட்டியின் சூப்பும் மூன்று மணி நேரக் கொதியும்



நம் வீட்டு அலமாரியில் சார்டின் டின் ஒன்றேனும் இருக்கும். சமைத்த உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? அவ்விடைக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதனை அமெரிக்கக் கிராமத்து வீடுகளின் காய்கறி சூப்பை வைத்து இங்குக் காண்போம்.

பாரிஸ் நகரில் மிட்டாய் வணிகம் செய்துவந்தவர் நிக்கோலா அப்பேர். உணவைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் கெடுவதில்லை என்பதைப் பல ஆண்டுச் சோதனையால் அவர் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கி, அம்முறையை நூலாக வெளியிடச் செய்தது. ஆயினும் உணவு ஏன் கெடுகிறது என்பதை அவர் அறியார். அதற்குக் காரணம் நுண்ணுயிர்களே என்பதை லூயி பாஸ்டர் 1860களில்தான் தெளிவுபடுத்தினார்.

1858ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜான் மேசன், திருகுமூடி கொண்ட கண்ணாடிப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இக்கலை வீடுகளுக்குள் புகுந்தது. கோடையின் இறுதியில் தோட்டத்துத் தக்காளி, சோளம், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவை அடுக்களையில் வந்து குவியும். சிறுவர்கள் பீன்ஸ் உரிப்பார்கள். பெண்கள் காய் நறுக்குவார்கள். பனிக்காலம் முழுமைக்குமான சூப்பு போத்தல்களில் நிறையும். பாட்டி சொன்ன கைப்பக்குவம் தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் சென்றது. கூடவே, “போத்தல்களை மூன்று மணி நேரம் நீரில் கொதிக்கவை” என்னும் வழக்கமும் சென்றது.

ஆபத்து அந்த வழக்கத்தில்தான் மறைந்திருந்தது. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் கொதிநீரின் 100 பாகை வெப்பத்தைப் பல மணி நேரம் தாங்கவல்லவை. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த போத்தலுக்குள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு நரம்புகளை முடக்கி மூச்சையும் நிறுத்திவிடும். மணமோ நிறமோ மாறாமலும் இருக்கக்கூடும் என்பதே கொடுமை.

1919, 1920ஆம் ஆண்டுகளில் அடைக்கப்பட்ட ஆலிவ் காய்களை உண்டு அமெரிக்காவில் பலர் மாண்டனர். அதனையடுத்து எஸ்டி, மேயர் என்னும் ஆய்வாளர்கள் அவ்வித்துகளை அழிக்க எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் தேவை என்பதை அளந்து 1922இல் வெளியிட்டனர். இன்று அமெரிக்க வேளாண்துறை காய்கறி சூப்புக்கு அழுத்தக் கலனையே விதிக்கிறது. அதில் வெப்பம் சுமார் 116 பாகைக்கு உயரும். அரை லிட்டர் அளவுள்ள போத்தலுக்கு 60 நிமிடமும், ஏறக்குறைய ஒரு லிட்டர் போத்தலுக்கு 75 நிமிடமும் வேண்டும். போத்தலில் பாதியளவே காய்கள் இருக்கலாம். மீதி சாறாக இருக்க வேண்டும். அரிசி, நூடல்ஸ், மாவு ஆகியவற்றைச் சேர்த்து அடைக்கக் கூடாது. சூப்பு கெட்டியானால் வெப்பம் நடுப்பகுதியை எட்டாது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிரஷர் குக்கர் இதற்கு ஈடாகாது.

“எங்கள் வீட்டில் காலங்காலமாக இப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்று சிலர் கூறலாம். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் லேங்காஸ்டர் நகரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. அதில் கலந்துகொண்ட 77 பேரில் 29 பேர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். வீட்டில் கொதிநீர் முறையில் அடைக்கப்பட்ட உருளைக்கிழங்கே காரணம் என ஆய்வு காட்டியது.

நம் முன்னோர் ஊறுகாய்க்கு உப்பும் புளிப்பும், வற்றலுக்கு வெயிலும் காவல் வைத்தனர். சூப்புக்கு இக்காவல்கள் இல்லை. வெப்பம் ஒன்றே காவல். ஆகவே பாட்டியின் சுவையைப் பேரப்பிள்ளைகள் அப்படியே காக்கட்டும். அடைக்கும் முறையை மட்டும் அறிவியலிடம் கேட்கட்டும். ஊறுகாய் போடும் நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, “ஏன் இவ்வளவு உப்பு?” என்று கேட்டுப் பாருங்கள். அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.